சேலத்தை நடந்து பார்ப்பது எப்படி: பேட்டை பேட்டையாக ஒரு முழு வழிகாட்டி

வெளியூரிலிருந்து சேலத்துக்கு வருகிறவர்களில் பலர் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஏற்காடு பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். மலையிலிருந்து இறங்கியதும் அடுத்த பஸ்ஸோ ரயிலோ பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஊரை அவர்கள் பார்ப்பதே இல்லை. இந்த ஊரின் தெருக்களில் நடந்தே வளர்ந்தவனுக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதனால்தான் இந்த வழிகாட்டி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் பார்க்க வேண்டியது கட்டடங்களை அல்ல, வேலையை. வெள்ளி உருக்கும் தெரு, தறி ஓடும் தெரு, வெல்லம் ஏலம் போகும் தெரு, பூ கட்டும் தெரு என்று ஒவ்வொரு பேட்டையும் தன் தொழிலோடுதான் விழித்து, தன் தொழிலோடுதான் உறங்குகிறது. எந்த நேரத்தில் எந்தத் தெரு என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால் ஊர் தானாகத் திறந்துகொள்ளும். நேரம் தப்பினால் பூட்டிய கதவுகளையும் டூவீலர் நெரிசலையும் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமில்லை" என்று போய்விடுவீர்கள்.

கிளம்பும் முன்: ஊரின் அமைப்பு

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. இன்று ஊருக்குள் அதைப் பார்த்தால் ஆறு என்று நம்புவது கஷ்டம். ஆனாலும் பழைய சேலம் முழுக்க அதன் கரையை ஒட்டித்தான் வளர்ந்தது. நடுவில் கோட்டை. அதைச் சுற்றிச் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை என்று குடியிருப்புகள். கோட்டை மாரியம்மனை "எட்டுப் பேட்டை கட்டியாளும் பெரிய மாரி" என்று ஊரார் சொல்வார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். அத்தனை பேருக்கும் மூத்தவள் கோட்டையில் இருப்பவள்.

மேற்கே ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலம், வடக்கே அஸ்தம்பட்டி, நடுவில் நாலு ரோடு, ஐந்து ரோடு எல்லாம் பின்னால் வளர்ந்த பகுதிகள். ஐந்து ரோட்டில் 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் நிற்கிறது. அங்கே கடைகளும் ஓட்டல்களும் உண்டு, தங்குவதற்கு வசதி. நடப்பதற்கு என்று போக வேண்டாம்.

நீங்கள் மனதில் வைக்க வேண்டிய புள்ளி பழைய பஸ் ஸ்டாண்ட். ஜங்ஷனிலிருந்தும் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்தும் அங்கே டவுன் பஸ் அடிக்கடி உண்டு. நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்த மாதம், எந்த நாள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கச் சுகமான காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் மாம்பழத்துக்காக வருகிறீர்கள் என்றால் அதே மாதங்களில்தான் வந்தாக வேண்டும். அப்போது காலை பத்து மணிக்குள் ஒரு நடை, மாலை நான்கரைக்கு மேல் ஒரு நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மண்டிகளும் மொத்தக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். அமாவாசையும் வேண்டாம், தறிக்காரர்களில் பலர் அன்று தறியில் உட்கார மாட்டார்கள். மழை நாளில் தெருவில் பாவு (தறிக்கான நீளவாட்டு நூல்) போட மாட்டார்கள். ஆக, மழையில்லாத ஒரு வேலை நாள், கூடவே அதற்கு அடுத்த நாள், இந்த இரண்டும் கையில் இருந்தால் போதும்.

முதல் நாள், விடியற்காலை: பூ மார்க்கெட்டும் கோட்டையும்

ஆறு மணிக்குள் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்துவிடுங்கள். பக்கத்திலேயே வ.உ.சி. பூ மார்க்கெட். குண்டுமல்லி, சன்னமல்லி, காக்கட்டான், சம்பங்கி எல்லாம் கூடை கூடையாக இறங்கும். அரளிக்கென்று தனி மதிப்பு உண்டு. பனமரத்துப்பட்டிப் பக்கத்துக் காடுகளில் விளையும் அரளி இங்கே வந்து, இங்கிருந்து வெளியூர்களுக்கும் போகிறது. படம் எடுப்பதாக இருந்தால் வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள். கால் கிலோ பூ வாங்கிக்கொண்டு கேட்டால் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

அந்தப் பூவோடு அப்படியே கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு நடந்துவிடலாம். கோயிலைப் புதுப்பித்துக் கட்டி 2023-ல் குடமுழுக்கு நடத்தினார்கள். காலையில் கூட்டம் குறைவு, அம்மனை நின்று பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அழகிரிநாதர் பெருமாள் கோயில். ஆற்றங்கரையில் ஜாமியா மசூதி. திப்பு சுல்தான் காலத்தது என்று ஊரில் சொல்வார்கள். சுகவனேசுவரர் கோயிலையும் இதே நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுக முனிவர் கிளி வடிவில் வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. இங்குள்ள முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். மாரியம்மன், பெருமாள், சிவன், மசூதி எல்லாமே சாவகாசமாக நடந்து முடிக்கக்கூடிய வட்டத்துக்குள் இருக்கின்றன. கோட்டைச் சுவரைத் தேடாதீர்கள், பெயர்தான் மிச்சம்.

காலை உணவை இந்த வட்டத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை. இலை போட்டு, வேலைக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டே சாப்பிடும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

எட்டரை மணிக்கு மேல்: அக்ரகாரமும் கடைவீதியும்

முதல் அக்ரகாரத்தில் நுழைந்து ராஜகணபதி கோயில் வரை நடங்கள். சேலத்தில் புது வண்டி வாங்கியவர்களில் ராஜகணபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்தாதவர்கள் குறைவு. வியாபாரிகள் கடை திறக்கும் முன் இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதைக் காலையில் பார்க்கலாம். பெரிய கோயில் கிடையாது. ஆனால் ஊரின் நாடி துடிக்கும் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ராஜாஜி 1900 வாக்கில் வக்கீலாகத் தொழில் தொடங்கியது இந்த ஊரில்தான். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரும் ஆனார். 1920-ல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியாரும் சேலத்து வக்கீல்தான். 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான். நாட்டின் அரசியலில் இவ்வளவு பங்கு இருந்தும், ஊருக்குள் அதைச் சொல்லும் அடையாளங்கள் குறைவு. நடக்கும்போது நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சின்னக்கடை வீதியில் காய், பழம், பாத்திரம், துணி என்று எல்லாம் கலந்து கிடக்கும். மாம்பழக் காலத்தில் வந்தால் இங்கே நின்று வாங்குங்கள். சேலம் என்றதும் எல்லோரும் மல்கோவா கேட்பார்கள். வாங்குங்கள், ஆனால் இமாம்பசந்தை விட்டுவிடாதீர்கள். மல்கோவா வாயை நிறைக்கும்; இமாம்பசந்தின் வாசம் கையில் அன்று முழுக்க நிற்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருக்கும், காம்புப் பக்கம் மணம் இருக்காது. காம்பை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் முக்கால் பழமாகக் கேளுங்கள். வைக்கோலோ பேப்பரோ வைத்துக் கட்டித் தருவார்கள்.

பத்து மணி முதல்: செவ்வாய்ப்பேட்டை

இங்கே அவசரப்படாதீர்கள். மதியம் வரைக்கும் நேரம் கொடுங்கள். முழு நடையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம் என்பதால் இந்தப் பெயர். இங்கே உள்ள லீ பஜார் மொத்த வியாபாரத்துக்குப் பேர் போனது: பருப்பு, மிளகாய், மஞ்சள், அரிசி, ஜவ்வரிசி. மூட்டை இறக்கும் தொழிலாளர்கள் கையில் கொக்கியோடு ஓட்டமும் நடையுமாக வருவார்கள். "வழி, வழி" என்ற குரல் கேட்டதும் ஒதுங்கிவிடுங்கள். மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டி. ஓமலூர், காமலாபுரம், கருப்பூர் பக்கத்துக் கரும்பாலைகளில் காய்ச்சிய வெல்லம் இங்கே ஏலத்துக்கு வருகிறது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வந்தால் தெருவே பாகு வாசத்தில் இருக்கும். வெல்லம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளவென்று வெளுத்திருப்பதை விட்டு, கொஞ்சம் கறுத்த, அழுக்கு நிற வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மண்டிகளைத் தாண்டிச் சந்துகளுக்குள் திரும்பினால்தான் கொலுசு உலகம். தமிழ்நாட்டில் எந்த ஊர் நகைக்கடையில் வெள்ளிக் கொலுசு வாங்கினாலும் அது சேலத்தில் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. செவ்வாய்ப்பேட்டை, குகை, பனங்காடு, சிவதாபுரம், மணியனூர், கொண்டலாம்பட்டி என்று ஊரின் மேற்கிலும் தெற்கிலும் வீட்டுக்கு வீடு பட்டறைகள். பெரிய தொழிற்சாலை ஒன்றைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். திண்ணையும் முன்னறையும்தான் தொழிற்சாலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள். ஒரு வாசலில் ஊதுகுழல் அடுப்பு உறுமும். அடுத்த வாசலில் சிறு சுத்தியல் 'டிக் டிக்' என்று விழும். இன்னொரு வாசலில் சலங்கை மணிகளை முறத்தில் போட்டு அலசும் ஓசை. கட்டி வெள்ளியை உருக்கி ஊற்றி, அடித்து, அச்சின் துளைகள் வழியே இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்குவார்கள். கம்பியைச் சுற்றி, நறுக்கி, வளையம் வளையமாகக் கோத்தால் சங்கிலி. அதைப் பற்றவைத்து, சலங்கை சேர்த்து, திருகு வைத்து, கடைசியில் மெருகு. இத்தனையும் ஒரே வீட்டில் நடக்காது. ஒரு வீட்டில் கம்பி, இன்னொரு வீட்டில் பின்னல், மற்றொன்றில் மெருகு என்று ஒரு ஜோடிக் கொலுசு சந்துக்குச் சந்து பயணம் போய்த்தான் முழுசாகிறது. டிபன் டப்பாவோடு சைக்கிளில் போகும் பெரியவரைப் பார்த்தால், டப்பாவுக்குள் சோறுதான் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டால் நின்று வெறிக்காமல் நேராகக் கேளுங்கள். "அண்ணா, வெளியூர். கொலுசு எப்படிச் செய்யறீங்கன்னு கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். வேலை நெருக்கடியில் இருந்தால் "அப்புறம் வாங்க" என்பார்கள், அதைத் தப்பாக எடுக்க வேண்டியதில்லை. அழைத்தால் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போங்கள். தரையில் கிடக்கும் தூசியில்கூட வெள்ளி இருக்கும். கூட்டி அள்ளிப் பத்திரப்படுத்துவார்கள். அதனால் கண்ட இடத்தில் கால் வைக்காதீர்கள். பொருளை எடுத்துப் பார்க்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். விலாசம், முகம் தெரியும்படி படம் எடுத்து வெளியே போடாதீர்கள். வீட்டில் வெள்ளி வைத்திருப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் மூன்று கேள்வி: வெள்ளி எத்தனை டச் (அதாவது எவ்வளவு சுத்தம்), கூலி எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பார்கள். இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லி, ரசீதில் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். எடை குறைந்த கொலுசு கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் தினமும் போடுகிற குழந்தைகளுக்குச் சங்கிலி சீக்கிரம் அறும். பற்றவைத்த இடங்களை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நெருடினால் வேறு ஜோடி கேளுங்கள்.

மதியம்

சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள். ஒன்றிலிருந்து நாலு வரை சேலத்து வெயிலில் நடப்பதில் எந்தப் பலனும் இல்லை.

மாலை நாலரைக்கு: குகை

செவ்வாய்ப்பேட்டைக்குத் தெற்கே குகை. காளியம்மன், மாரியம்மன் கோயில்களைச் சுற்றி நெருக்கமான தெருக்கள். பழைய நெசவுக் குடியிருப்பு இது. இப்போது தறியும் உண்டு, வெள்ளிப் பட்டறையும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் தறியிலும் தம்பி கொலுசிலும் இருப்பது சாதாரணம். மாலையில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோப்பார்கள். பேச்சும் கையும் ஒன்றுக்கொன்று தடையில்லாமல் ஓடும்.

இருட்டும் நேரத்தில் தட்டுவடை செட் சாப்பிடாமல் இங்கிருந்து கிளம்பாதீர்கள். இதைச் சேலத்தின் சொத்து என்றே சொல்வேன். உள்ளங்கைக்குள் அடங்கும் மொறுமொறு தட்டு வடை ஒன்று. அதன் மேல் ஒரு பக்கம் புதினா, கொத்துமல்லிப் பச்சைச் சட்னி, இன்னொரு பக்கம் பூண்டு மிளகாய்ச் சிவப்புச் சட்னி. நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலே இன்னொரு தட்டு வடை மூடி. தள்ளுவண்டிக்காரர் விரல் வேகம் பார்க்க வேண்டிய ஒன்று. வாங்கிய உடனே வாயில் போட வேண்டும்; இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் நமுத்துவிடும். பார்சல் வாங்கவே வாங்காதீர்கள். காரம் தாங்காது என்றால் "சிவப்பு கம்மியா" என்று சொன்னால் போதும். அதே வண்டியில் நொறுக்கல் கிடைக்கும்: தட்டு வடையை நொறுக்கி, காயும் சட்னியும் சேர்த்துக் கிளறித் தருவது. குழந்தைகளுக்கு அதுதான் வசதி.

நெசவாளர் வீதிகளில்தான் இந்த வண்டிகள் அதிகம். வேலை முடிந்து எழுந்தவுடன் கைக்காசில் ஏதாவது காரசாரமாகக் கடிக்க வேண்டும் என்ற தேவை அது.

இரண்டாம் நாள் காலை: அம்மாபேட்டை

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிழக்கே, ஆத்தூர் போகும் பக்கம் அம்மாபேட்டை. ஏழு மணிக்குப் போய்விடுங்கள். தெருவில் பாவு போட்டிருப்பதைப் பார்க்க அதுதான் நேரம்: நீளமான நூல் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டே நாலைந்து பேர் அங்குமிங்கும் நடப்பார்கள். இதற்கென்றே விட்ட திறந்த வெளிகளைப் பாவடி என்பார்கள். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை. இப்போதெல்லாம் இது குறைந்து வருகிறது, எல்லாத் தெருவிலும் எல்லா நாளும் கிடைக்காது. டீக்கடையில் "இன்னிக்கு எங்கே பாவு போட்டிருக்காங்க?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். இழைகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சுற்றிக்கொண்டு போங்கள்.

தறி பார்க்கும்போது இரண்டு ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். இடைவெளி விடாமல் தடதடவென்று ஓடுவது விசைத்தறி. 'டக்... டக்' என்று ஆள் மூச்சுக்கேற்ப விட்டு விட்டு வருவது கைத்தறி. இரண்டாவது ஓசை எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அங்கே நில்லுங்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் கால் மிதியில், ஒரு கை, ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட விடும் கயிற்றில், மறு கை அச்சில். பக்கத்தில் வீட்டுப் பெண்களோ முதியவர்களோ ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றிக்கொண்டிருப்பார்கள். நெசவுக் கூலி ஒருவருக்குத்தான், உழைப்பு வீடு முழுவதற்கும்.

சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கல்யாண மாப்பிள்ளை கட்டும் அந்த வெள்ளைப் பட்டு வேட்டி இந்தத் தெருக்களில் நெய்ததாக இருக்கலாம். வாங்க நினைத்தால் கூட்டுறவுச் சங்கக் கடையிலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குங்கள். கைத்தறி முத்திரை, பட்டு முத்திரை இரண்டையும் பார்த்து வாங்குங்கள். வீட்டில் நெசவு பார்க்க அனுமதித்தவரிடம் விலை பேசிக் குறைக்க முயல வேண்டாம். அவர் பெரும்பாலும் கூலிக்கு நெய்பவர். நெய்யும் துணி அவருடையது இல்லை.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைத் தெருக்களில் சௌராஷ்டிர மொழியும் காதில் விழும். தலைமுறை தலைமுறையாக இங்கே நெசவு செய்யும் குடும்பங்கள். உங்களிடம் தமிழில் பேசிவிட்டு அடுத்த நொடி வீட்டுக்குள் சௌராஷ்டிரத்தில் குரல் கொடுப்பார்கள்.

கால் தெம்பு இருந்தால், அப்படியே குமரகிரி முருகன் கோயிலுக்குப் படியேறிவிடுங்கள். உச்சியில் நின்று பார்த்தால் ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது புரியும்: வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நேற்றிலிருந்து நடந்த பேட்டைகளை மேலிருந்து அடையாளம் காண்பது தனி இன்பம்.

இரண்டாம் நாள் மாலை: அஸ்தம்பட்டியிலிருந்து மூக்கனேரி

இது அகலமான சாலைகளின் சேலம். செர்ரி ரோட்டில் மர நிழலில் அரசுக் கலைக் கல்லூரிப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு, அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-ல் வந்ததும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் வந்ததும் இந்த நிறுவனத்திலிருந்துதான். மு. கருணாநிதி இங்கே வசனம் எழுதினார். இன்று உள்ளே வீடுகள். வளைவு மட்டும் நிற்கிறது. ஸ்டூடியோ என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆனால் சினிமா பிடித்தவர்கள் அந்த வளைவின் கீழ் ஒரு நிமிடம் நிற்காமல் போக மாட்டார்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு. சாக்கடையாகிக் கொண்டிருந்த ஏரியை ஊர் மக்கள் சேர்ந்து மீட்டெடுத்தார்கள். நடுவில் மண் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இப்போது அவற்றில் பறவைகள் அடைகின்றன. ஐந்து மணிக்கு மேல் கரையில் நடந்தால் மலை எதிரே நிற்கும். ஏற்காடு போகிறவர்கள் மறுநாள் காலை இதே சாலையில் அடிவாரம் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொள்ளலாம்.

ஆடியில் வருகிறவர்களுக்கு

ஆடி மாதம் வந்தால் மேலே சொன்ன நேரக் கணக்கு எதுவும் செல்லாது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் பேட்டைக்குப் பேட்டை திருவிழா தொடங்கிவிடும். கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல், மாவிளக்கு, கடைசியில் சத்தாபரணம் என்னும் அம்மன் ஊர்வலம். இதற்கு நடுவே குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டையில் வண்டி வேடிக்கை. விளக்குகளால் அலங்கரித்த வண்டிகளில் ஊர் இளைஞர்களும் பெரியவர்களும் சாமி வேடம் போட்டு, புராணக் காட்சிகளாக நின்று ஊர்வலம் வருவார்கள். குழுவுக்குக் குழு போட்டி, பரிசும் உண்டு. மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டமிடுவார்கள்.

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆடிப் பொங்கல் நாளையும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களையும் கணக்கில் வைத்து அறை எடுங்கள். குகையில் பார்ப்பதானால் மாலை ஆறு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். கோயில் வாசலில் நிற்காமல், வண்டி திரும்பும் முனையில் நில்லுங்கள். அங்கேதான் வண்டி நிதானித்து நிற்கும், முகங்களை முழுசாகப் பார்க்கலாம். வண்டிகள் வந்து முடிய நள்ளிரவு ஆகும், போக்குவரத்தையும் திருப்பி விட்டிருப்பார்கள்; திரும்பி நடக்கிற தூரத்தில் தங்குங்கள். கையில் தண்ணீர் பாட்டில், காலில் பழைய செருப்பு.